உறைபனி விழும் காலையில் சென்சார் 4095 டிகிரி காட்டுவது ஏன்? ஹெக்ஸ் – தசம மாற்றம் அடியிலிருந்து

கேள்வி இதுதான். ஊட்டிக்கு அருகே தலைக்குந்தா பக்கம் கேரட் போட்டிருக்கும் ஒரு தம்பி, தோட்டத்தில் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்றைக் கட்டிவைத்து, அது அனுப்பும் ஹெக்ஸ் (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும் முறை) எண்களைத் தானே தசம எண்ணாக மாற்றிப் பார்க்கிறார். மதியம் 48 01 என்று வந்தது. கணக்குப் போட்டால் 20.5 டிகிரி, சரியாக இருக்கிறது. விடியற்காலையில் எஃப்3 எஃப்எஃப் என்று வந்தது. அதே கணக்கைப் போட்டால் 4095 டிகிரி என்கிறது. "ஹெக்ஸிலிருந்து தசமத்துக்கும், தசமத்திலிருந்து ஹெக்ஸுக்கும் மாற்றுவதை அடியிலிருந்து சொல்லுங்கள், எங்கே தப்பு நடக்கிறது என்றும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, உங்கள் பெருக்கல் வகுத்தலில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் போட்ட கணக்குப்படி 4095.1875 வந்தே தீரும். அந்த எண்ணைச் சென்சார் எந்த அர்த்தத்தில் அனுப்பியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அடிப்படை. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வந்துவிடும்.

வீட்டில் பெரியவர்கள் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. 15 அணா வரைக்கும் அணாக் கணக்கிலேயே நிற்கும். இன்னும் ஓர் அணா சேர்ந்தால் ஒரு ரூபாய் ஆகி, அணா இடம் காலியாகிவிடும். ஈரிலக்க ஹெக்ஸ் எண் என்பது அச்சு அசலாக இதேதான். இடப்பக்கம் ரூபாய், வலப்பக்கம் அணா. 25 என்று ஹெக்ஸில் எழுதியிருந்தால் 2 ரூபாய் 5 அணா. மொத்தம் எத்தனை அணா என்று கேட்டால் 2 × 16 + 5 = 37. அந்த 37தான் தசம எண்.

ஒரு சிக்கல் உண்டு. அணா இடத்தில் 10, 11, 12 என்று 15 வரை வரலாம். ஆனால் ஓர் இடத்தில் ஒரே குறிதான் நிற்க வேண்டும். அதனால் 10க்கு ஏ, 11க்கு பி, 12க்கு சி, 13க்கு டி, 14க்கு ஈ, 15க்கு எஃப் என்று ஆங்கில எழுத்துகளைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். ஆரம்பகாலக் கணினிகளில் ஆளாளுக்கு ஓர் எழுத்து வரிசை வைத்திருந்தார்கள். 1964இல் ஐபிஎம் கொண்டுவந்த சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளுக்குப் பிறகுதான் ஏ முதல் எஃப் வரை என்பது எல்லோருக்கும் வழக்கமாகிப் போனது.

பழகிக்கொள்ள நம் ஊர் எண்களே போதும். மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயில் பாதையில் 16 குகை, 208 வளைவு, 250 பாலம் என்று சொல்வார்கள். 16 என்பது சரியாக ஒரு ரூபாய், அணா இல்லை. ஆக ஹெக்ஸில் 10. 208ஐ 16ஆல் வகுத்தால் 13, மீதி இல்லை. 13க்கு டி, ஆகவே டி0. 250இல் 15 ரூபாய் போக மீதி 10 அணா. 15க்கு எஃப், 10க்கு ஏ, ஆகவே எஃப்ஏ. 16ஆம் வாய்பாடு 240 வரை மனப்பாடமாக இருந்தால் ஈரிலக்க எண்களுக்குக் காகிதமே வேண்டாம். ஈரிலக்க ஹெக்ஸ் எண் ஒன்று அடங்கும் இடத்தைக் கணினியில் ஒரு பைட் என்பார்கள். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் எஃப்எஃப், அதாவது 15 ரூபாய் 15 அணா, 255.

சரி, மூன்று நான்கு இலக்கம் வந்தால்? பாடப்புத்தகத்தில் இடமதிப்பு முறையைச் சொல்லித் தருவார்கள். வலமிருந்து 1, 16, 256, 4096 என்று ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்பு. இலக்கத்தை அதன் இடமதிப்பால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். தப்பில்லை. ஆனால் கையால் போடும்போது எனக்கு அது பிடிக்காது, 4096ஐ 13ஆல் பெருக்கும் இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். அதைவிட எளிது, இடமிருந்து வலமாகப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போவது. கையில் இருப்பதை 16ஆல் பெருக்கு, அடுத்த இலக்கத்தைக் கூட்டு. திரும்பவும் 16ஆல் பெருக்கு, அடுத்ததைக் கூட்டு. இலக்கம் தீர்ந்ததும் நிறுத்து. அவ்வளவுதான்.

ஏ4டி என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கம் ஏ, கையில் 10. அதை 16ஆல் பெருக்கினால் 160, அடுத்த 4ஐக் கூட்டினால் 164. அதையும் 16ஆல் பெருக்கினால் 2624, கடைசி டிக்கு 13 கூட்டினால் 2637. தொட்டபெட்டாவின் உயரம், மீட்டரில்.

இப்போது திரும்பி வாருங்கள், 2637ஐ ஹெக்ஸாக்க வேண்டும். 16ஆல் வகுத்தால் ஈவு 164, மீதி 13. 164ஐ வகுத்தால் ஈவு 10, மீதி 4. 10ஐ வகுத்தால் ஈவு 0, மீதி 10. மீதிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் 10, 4, 13, அதாவது ஏ4டி. கொஞ்சம் நின்று கவனியுங்கள். போகும்போது வந்த 164உம் 10உம்தான் திரும்பும்போதும் வந்திருக்கின்றன. ஏறிய படிகளிலேயே இறங்குகிறோம். அதனால் ஒரு முறையில் போட்டுவிட்டு மறுமுறையில் சரிபார்க்கும்போது நடுவில் வரும் எண்களும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எந்தப் படியில் தப்பு என்பது உடனே தெரிந்துவிடும்.

மீதியைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் கிடைக்கும் மீதி அணா, அது வலது ஓரத்துக்குப் போக வேண்டியது என்று நினைவு வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. முத்தோரையில் மலைச் சரிவில் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 530ஐப் போட்டுப் பாருங்கள், 212 வரும். முன்பின் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான் என்பதால் வரிசையை மாற்றிப் படித்தவருக்கும் சரியான விடை கிடைத்துவிடும், அதனால் பயிற்சிக்கு இது உதவாது. அகலத்தைப் போடுங்கள். 30 என்றால் 1 ரூபாய் 14 அணா, ஆகவே 1ஈ. தலைகீழாகப் படித்தால் ஈ1, 225 ஆகிவிடும்.

இனி உங்கள் சென்சார். ஹெக்ஸ் படிக்கப் பழக இதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்பேன். ஏனென்றால் இது வெப்பநிலையை டிகிரியில் பதினாறில் ஒரு பங்காக, நம் பழைய கணக்கில் சொன்னால் வீசம் வீசமாக, எண்ணி அனுப்புகிறது. ஒரு வீசம் 0.0625 டிகிரி. ஆக டிகிரியை ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கடைசி இலக்கம் அணா.

முதலில் வரிசை. இந்தச் சென்சார் சிறிய பைட்டை முன்னாலும் பெரிய பைட்டைப் பின்னாலும் அனுப்பும். 48 01 என்று வந்தால் எண் 0148. நீங்கள் அதைச் சரியாகத்தான் திருப்பியிருக்கிறீர்கள். திருப்பாமல் 4801 என்று எடுத்திருந்தால் 1152 டிகிரி வந்திருக்கும். 0148ஐத் தசமமாக்கினால் 328, அதை 16ஆல் வகுத்தால் 20.5. இது நீங்கள் போட்ட கணக்கு. ஆனால் இவ்வளவு சுற்றவே வேண்டாம். 014 ஒரு பக்கம், 8 ஒரு பக்கம் என்று பிரித்துவிடுங்கள். 14 என்றால் 20 டிகிரி. 8 என்றால் எட்டணா, அரை. முடிந்தது. கடைசி இலக்கம் 4 என்றால் கால், சி என்றால் முக்கால், 2 என்றால் அரைக்கால். ஹெக்ஸில் ஓர் எண்ணை 16ஆல் வகுப்பது என்பது கடைசி இலக்கத்துக்கு முன்னால் ஒரு புள்ளி வைப்பது, அவ்வளவுதான். தசமத்தில் பத்தால் வகுப்பதைப் போலவே.

விடியற்காலைக் கதைக்கு வருவோம். எஃப்3 எஃப்எஃப் என்பதைத் திருப்பினால் எஃப்எஃப் எஃப்3. தசமத்தில் 65523. இது மிகப் பெரிய எண் இல்லை தம்பி, பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ள எண். சென்சாரிடம் நான்கு ஹெக்ஸ் இலக்கம்தான் இருக்கிறது, கழித்தல் குறி போட இடம் இல்லை. 0000லிருந்து ஒன்றைக் கழித்தால் எல்லா இடத்திலும் கடன் வாங்கி எஃப்எஃப் எஃப்எஃப் ஆகிறது. ஆகவே அதையே −1 என்று வைத்துக்கொண்டார்கள். எஃப்எஃப் எஃப்ஈ என்றால் −2. இப்படியே 8000 வரை இறங்கலாம். மொத்தம் உள்ள 65536 எண்களில் மேல் பாதி முழுவதும் குறை எண்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது.

எனவே விதி இதுதான். நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால், தசமமாக்கிய பிறகு 65536ஐக் கழித்துவிடுங்கள். 65523 − 65536 = −13. அதை 16ஆல் வகுத்தால் −0.8125. அன்று காலை உங்கள் தோட்டத்தில் மைனஸ் 0.8 டிகிரி. தலைக்குந்தாவுக்கு அது ஒன்றும் அதிசயம் இல்லை.

பெரிய எண்ணே வராமல் போட இன்னொரு வழி உண்டு. ஒவ்வோர் இலக்கத்தையும் 15லிருந்து கழித்து, கடைசியில் ஒன்று கூட்டுங்கள். எஃப், எஃப், எஃப், 3 ஆகியவை 0, 0, 0, 12 ஆகும். ஒன்று கூட்டினால் 13. முன்னால் கழித்தல் குறி போட்டுவிடுங்கள். அதே −13.

அணாக் கணக்கில் படிக்க விரும்பினால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எஃப்எஃப்எஃப் ஒரு பக்கம், 3 ஒரு பக்கம் என்று பிரித்தால், டிகிரிப் பகுதி −1, அணாப் பகுதி 3. இதை மைனஸ் ஒரு டிகிரி மூன்று அணா, அதாவது −1.1875 என்று படித்துவிடாதீர்கள். கடைசி இலக்கம் எப்போதும் மேல்நோக்கிக் கூட்டும். −1இலிருந்து மூன்று வீசம் மேலே ஏற வேண்டும், அதாவது −1 + 0.1875 = −0.8125. மைனஸ் குறியைத் தனியாக ஒட்டிவிட்டுப் பின்னத்தை அப்படியே வால் போலச் சேர்க்கும் நிரல்களில் இந்தத் தப்பு சாதாரணமாக நடக்கும். உறைபனி இல்லாத ஊரில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது கடைசிவரை தெரியவே வராது.

ஒரு ஹெக்ஸ் எண்ணை வெறுமனே பார்த்து அது கூட்டல் எண்ணா கழித்தல் எண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது அது. தமிழ் எழுத்துகளுக்கு யூனிகோடில் ஒதுக்கிய இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. அதில் அ என்ற எழுத்தின் எண் 0பி85. 11ஐ 16ஆல் பெருக்கி 8 கூட்டினால் 184, அதை 16ஆல் பெருக்கி 5 கூட்டினால் 2949. இங்கே குறை எண் என்ற பேச்சே கிடையாது, எவ்வளவு பெரிய எண் வந்தாலும் அது வெறும் வரிசை எண். கணினியில் விண்டோஸ் கால்குலேட்டரை வைத்துச் சரிபார்க்கிறவர்கள் புரோகிராமர் முறையில் அளவை வேர்ட் (16 பிட், அதாவது நான்கு ஹெக்ஸ் இலக்கம்) என்று மாற்றிவிட்டு எஃப்எஃப்எஃப்3 அடித்தால் −13 காட்டும். கியூவேர்ட் (64 பிட், பதினாறு இலக்கம்) என்று விட்டுவைத்தால் 65523 காட்டும். கால்குலேட்டர் கெட்டுப்போகவில்லை, எத்தனை பிட் என்று நீங்கள் சொல்லவில்லை.

இந்தச் சென்சாரின் எல்லை −55 முதல் +125 டிகிரி வரை. மேல் எல்லை 2000 வீசம், ஹெக்ஸில் 07டி0. கீழ் எல்லை −880 வீசம், எஃப்சி90. ஆகவே முதல் இலக்கம் 0 அல்லது எஃப் ஆகத்தான் இருக்க முடியும். வேறு எது வந்தாலும் பைட் வரிசை மாறிவிட்டது, அல்லது ஒயரில் கோளாறு.

குறியைச் சரிசெய்த பிறகும் மூன்று எண்கள் உங்களை ஏமாற்றும். முதலாவது 85 டிகிரி. 50 05 என்று வரும், திருப்பினால் 0550, அதாவது 1360, 16ஆல் வகுத்தால் 85. மின்சாரம் வந்ததும் சென்சார் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ஆரம்ப எண் இது. 12 பிட் அளவில் ஓர் அளவீட்டுக்கு முக்கால் விநாடி வரை ஆகும். அதற்குள் அவசரப்பட்டுப் படித்தால் இதைத்தான் தரும். ஊட்டியில் 85 டிகிரியை யாரும் நம்பப் போவதில்லை, அதனால் பிடிபட்டுவிடும்.

மற்ற இரண்டும் அப்படியில்லை. ஒயர் அறுந்துபோனால் எல்லாப் பைட்டும் எஃப்எஃப் ஆக வரும். பழைய கணக்கில் அது 4095.9375, உடனே சந்தேகம் வரும். குறியைச் சரிசெய்த புதுக் கணக்கில் −0.0625! ஜனவரி விடியற்காலைக்கு இதைவிட நம்பும்படியான எண் உண்டா? அதேபோல் ஒயர் ஷார்ட் ஆனால் எல்லாம் 00, அதாவது சரியாக 0 டிகிரி. கோவையிலோ திருச்சியிலோ இருப்பவர் இரண்டையும் பார்த்த உடனே ஒயரைச் சோதிப்பார். நம் ஊரில் ஸ்பிரிங்க்ளரைப் போட ஓடுவோம்.

இதற்கும் ஹெக்ஸ் எண்களிலேயே வழி இருக்கிறது. சென்சார் அனுப்புவது மொத்தம் ஒன்பது பைட். வெப்பநிலைக்கு முதல் இரண்டு, ஒன்பதாவது மற்ற எட்டையும் சரிபார்க்கும் சிஆர்சி. எல்லாம் எஃப்எஃப் என்றால் சிஆர்சி பொருந்தாது, ஆகவே ஒயர் அறுந்தது தெரிந்துவிடும். ஆனால் எல்லாம் 00 என்றால் சிஆர்சியும் 00 ஆகிப் பொருந்திவிடும். அங்கே எட்டாவது பைட்டைப் பாருங்கள். அது எப்போதும் 10 ஆக, தசமத்தில் 16 ஆக இருக்க வேண்டும். 00 இருந்தால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள்.

மூன்றாவது, நான்காவது பைட்டுகள் அலாரத்துக்கானவை, மேல் எல்லை, கீழ் எல்லை. பெரும்பாலும் 4பி, 46 என்று இருக்கும், அதாவது 75உம் 70உம். நம் ஊருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. மேல் எல்லை 30 வேண்டுமென்றால் 1ஈ எழுதுங்கள். கீழ் எல்லைக்கு 2 டிகிரி வைக்கச் சொல்வேன், 02. இரண்டு காரணம். சென்சார் 0.0625 வரை காட்டினாலும் அதன் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரிதான். அதோடு, தெளிந்த வானமும் காற்றில்லாத இரவும் சேர்ந்தால் புல்லும் இலையும் சுற்றியுள்ள காற்றைவிட அதிகம் குளிர்ந்துவிடும். கம்பத்தில் ஆள் உயரத்தில் கட்டிய சென்சார் 2 டிகிரி காட்டும்போதே கீழே கேரட் தழையில் பனி உறைந்திருக்கலாம். முடிந்தால் சென்சாரைத் தழை மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள்.

அலாரம் பார்ப்பது நான்கு இலக்கத்தில் நடு இரண்டை மட்டும்தான், அணாவை விட்டுவிடும். ஆகவே 02 என்று வைத்தால் 2 டிகிரி 15 அணாவிலேயே அலாரம் தயாராகிவிடும். மைனஸ் 2 வைக்க வேண்டுமானால் இது ஒரு பைட் என்பதால் 65536 அல்ல, 256இலிருந்து கழிக்க வேண்டும். 254, அதாவது 15 ரூபாய் 14 அணா, எஃப்ஈ. எழுதி முடித்ததும் 48 என்ற கட்டளையை அனுப்ப மறக்காதீர்கள். உங்களுக்கு மதியம் அளவீடாக வந்த அதே 48, இங்கே நிரந்தரமாகச் சேமி என்று பொருள். அனுப்பாவிட்டால் அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு சென்சார் மறுபடியும் 70 டிகிரிக்கே போய்விடும்.